ஜித்தாவில் ஒரு கொலை: பெண் துப்பறிவாளரை எழுதுவது எப்படி

பழமைப் பிடிப்புள்ள முஸ்லிம் சமூகம் ஒன்றில் ஒரு பெண் துப்பறிகிறாள் என்று கதை எழுத உட்காருபவர்கள், பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே அவளைச் சுற்றித் தடைகளை அடுக்கிவிடுகிறார்கள். முகத்திரை, பூட்டிய வாசல், அதட்டும் அண்ணன், முறைக்கும் காவலர் என்று வரிசையாக வரும் தடைகளை அவள் ஒவ்வொன்றாகத் தாண்டுகிறாள். கடைசியில் கொலைகாரன் பிடிபடுகிறான். இப்படி எழுதினால் அந்தத் தடைகளுக்கும் அந்தக் கொலைக்கும் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. அதே கொலையைக் கோயம்புத்தூருக்கு மாற்றினாலும் கதை நடந்துவிடும். அவளைத் தடுத்து நிறுத்தும் அதே விதி அவளுக்குத் தடயத்தையும் கொடுக்கும்படி கதையைக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. அதை எப்படிச் செய்வது என்பதை, சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் நடக்கும் ஒரு கற்பனைக் கொலையை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

வருஷத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

பாத்திரத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே வருஷத்தை முடிவு செய்துவிட வேண்டும். நான் இந்தக் கதையை முதன்முதலில் எழுதிப் பார்த்தபோது, 2009-இல் நடக்கும் சம்பவத்தில் கதாநாயகியைத் தனியே காரோட்டிச் செல்ல வைத்துவிட்டேன். ஜித்தாவில் வளர்ந்த தோழி ஒருவர் படித்துவிட்டு, "கார் கிடக்கட்டும், வெள்ளியும் சனியும் விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது எங்களுக்கு வியாழனும் வெள்ளியும்தானே விடுமுறை" என்றார். பிழை இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டைத் திருத்தியதும் கதையின் கால ஓட்டம் முழுவதும் சரிந்துவிட்டது.

சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியது 2013 ஜூனில். பெண்கள் வழக்கறிஞர்களாக உரிமம் பெற்றதும் அதே ஆண்டில்தான். ஒழுக்கக் காவலர்கள் என்று நாம் சொல்லும் ஹைஆ அமைப்பினர், ஒருவரைத் துரத்திப் பிடித்துக் கைது செய்யும் அதிகாரத்தை 2016 ஏப்ரலில் இழந்தார்கள். பெண்கள் காரோட்டும் உரிமை 2018 ஜூன் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசுத் தரப்பு வழக்குத்துறை பெண்களைப் புலனாய்வாளர்களாக எடுக்கப்போவதாக அறிவித்ததும் 2018-இல்தான். 21 வயது நிறைந்த பெண், ஆண் பாதுகாவலரின் சம்மதமின்றிக் கடவுச்சீட்டு பெறலாம், பயணம் செய்யலாம் என்ற ஆணை 2019 ஆகஸ்டில் வந்தது. திருமணத்துக்கு மட்டும் வலி எனும் ஆண் பாதுகாவலர் வேண்டும் என்ற நிலை 2022-இல் வந்த குடும்பச் சட்டத்திலும் தொடர்கிறது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. 2008-இல் நடக்கும் கதையில் உங்கள் நாயகி ஒருபோதும் காவல் அதிகாரியாக இருக்க முடியாது. 2021-இல் நடக்கும் கதையில் கார் கிடைக்காமல் தவிக்கவும் வேண்டியதில்லை.

நாட்டையும் இப்படியே கறாராகத் தேர்ந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானில் முதல் மகளிர் காவல் நிலையம் ராவல்பிண்டியில் 1994-இல் திறக்கப்பட்டுவிட்டது. 2018 நவம்பரில் கராச்சியில் சீனத் துணைத் தூதரகம் தாக்கப்பட்டபோது எதிர் நடவடிக்கைக்குத் தலைமை தாங்கியவர் சுஹாய் அஜீஸ் தால்பூர் என்ற பெண் அதிகாரி. ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரித்த பிரிவின் தலைவி மலாலை காக்கர், 2008 செப்டம்பரில் வேலைக்குப் புறப்பட்டபோது வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கராச்சி அதிகாரியின் சிக்கல் மேலதிகாரிகளோடும் அரசியலோடும். கந்தஹார் அதிகாரிக்கு உயிர்தான் சிக்கல். இரண்டையும் கலந்து பொதுவாக ஒரு 'முஸ்லிம் நாடு' படைப்பது, மதுரையையும் மணிப்பூரையும் கலந்து ஓர் 'இந்திய ஊர்' படைப்பதைப் போன்றது.

சம்பவத்தை நாள்காட்டியோடு பொருத்துங்கள்

நம் கதைக்கு 2009 நவம்பர் 25, புதன்கிழமையை எடுத்துக்கொள்கிறேன். அன்று ஜித்தாவில் சில மணி நேரத்தில் சுமார் 90 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஊரில் ஒரு வருஷம் முழுவதும் பெய்வதே அவ்வளவு இருக்காது. வடிகால் இல்லாத நகரத்தின் தென்கிழக்குப் பகுதிகளில், குறிப்பாகக் குவைஸா வட்டாரத்தில், வெள்ளம் கார்களையும் வீடுகளையும் அடித்துச் சென்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய நாள்காட்டிக் கணக்கில் அன்று துல்ஹஜ் மாதம் பிறை 8, ஹாஜிகள் மினாவுக்குப் புறப்படும் நாள். மறுநாள் அரஃபா, அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள்.

கொலையை மறைக்க இதைவிட வசதியான வாரம் கிடைக்காது. அலுவலகங்கள் மூடிக்கிடக்கின்றன, காவலர்களில் பலர் மக்கா பக்கம் போயிருக்கிறார்கள், பிணவறை நிரம்பி வழிகிறது. பெருநாளன்று வீடுதோறும் ஆடு அறுத்துக் குர்பானி கொடுப்பதால் கத்தியிலும் முற்றத்திலும் சட்டையிலும் ரத்தக்கறை இருப்பதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். வியாழன் பிற்பகல் குவைஸாவில் சேற்றிலிருந்து ஓர் இளம் பெண்ணின் உடல் எடுக்கப்படுகிறது. கணவன் வந்து அடையாளம் காட்டுகிறான். வெள்ளத்தில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீத் எனும் உயர்ந்த மதிப்பு உண்டு என்று நபிமொழி இருப்பதால், அழுகைக்கு நடுவே குடும்பத்துக்கு அது ஓர் ஆறுதல். பின்னால் உங்கள் துப்பறிவாளர் 'இது வெள்ளச் சாவு அல்ல' என்று சொல்லும்போது, இறந்தவளின் தாயிடமிருந்து அந்த ஆறுதலையும் சேர்த்தே பறிக்கிறார் என்பதை மறக்காதீர்கள். அந்தத் தாய் அவரை நன்றியோடு பார்க்க மாட்டார்.

அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்

2009-இல் சவூதியில் பெண் புலனாய்வாளர் இல்லை. விசாரணை காவல்துறையிடமும், 1989-இல் அமைக்கப்பட்ட விசாரணை மற்றும் வழக்குத்தொடர் வாரியத்திடமும் இருந்தது, இரண்டும் ஆண்களுடையவை. ஆகவே, வேறு வேலை செய்துகொண்டே கேள்வி கேட்கும் உரிமையுள்ள ஒரு பெண் வேண்டும். சிறையில் பெண் கைதிகளைச் சோதிப்பவர், பள்ளித் தலைமையாசிரியை, ஆய்வகப் பணியாளர், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் என்று சில வாய்ப்புகள் உண்டு. நான் சமூகப் பணியாளரைத் தேர்ந்துகொள்வேன். அரசு மருத்துவமனை என்பது அந்நாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த அபூர்வமான இடங்களில் ஒன்று. இறந்தவரின் குடும்பத்திடம் பேசித் தாள்களில் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அவருக்கு நாற்பது வயது, கணவரை இழந்தவர், பெயர் சல்மா என்று வைத்துக்கொள்வோம். தந்தையும் இல்லை, சகோதரரும் இல்லை என்றால் அவருடைய பாதுகாவலர் யார்? அவர் பெற்று வளர்த்த மகன். இருபது வயதுப் பையன் கையெழுத்துப் போட்டால்தான் தாய் பயணம் செய்ய முடியும். இதை வைத்து வில்லத்தனமான மகனைப் படைக்கும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தாய்க்குக் கையெழுத்துப் போடவே வெட்கப்படுகிற, அவரைக் காரில் அழைத்துச் செல்ல வகுப்பை விட்டுவிட்டு வருகிற, ஆனால் வாசலுக்கு வெளியிலேயே நிற்க வேண்டியிருக்கிற ஒரு பையன் கதைக்கு நூறு மடங்கு பயன்படுவான். தாய் உள்ளே பெண்களோடு பேசுகிறார். மகன் வெளியே ஓட்டுநர்களோடு பேசுகிறான். வீடு திரும்பும் வழியில் இரண்டு பாதிகளும் காருக்குள் சேர்கின்றன. துணைவரோடு வரும் துப்பறிவாளர் என்ற பழைய உத்தி, இங்கே தானாகவே முளைத்துவிடுகிறது.

குளிப்பாட்டும் அறை

கதையின் முதல் தடயம் கிடைக்க வேண்டிய இடம் இதுதான். இதை அவசரப்படாமல் எழுத வேண்டும். இறந்த பெண்ணின் உடலைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். கணவருக்கு மட்டும் விலக்கு உண்டு. போர்க்களத்தில் வீழ்ந்த ஷஹீதைக் குளிப்பாட்டாமல் அடக்குவது முறை என்றாலும், வெள்ளத்தில் இறந்த ஷஹீதுக்கு அது பொருந்தாது. வழக்கமான குளிப்பாட்டல் உண்டு. தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு மையத்து, கஃபன், இலந்தை இலை போட்ட தண்ணீர், கற்பூரம் எல்லாம் நன்றாகவே தெரியும்; மற்ற வாசகர்கள் காட்சியிலிருந்தே புரிந்துகொள்வார்கள். அடைப்புக்குறி விளக்கம் எதுவும் வேண்டாம்.

ஒழுங்கை அறிந்துகொண்டு எழுதுங்கள். உடலைத் துணியால் மூடியபடியே, தொழுகைக்கு முன் ஒளூச் செய்து கழுவும் உறுப்புகளிலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் தொடங்குவார்கள். தண்ணீர் ஊற்றுவது ஒற்றைப்படை எண்ணிக்கையில், மூன்று அல்லது ஐந்து அல்லது ஏழு முறை. கடைசித் தண்ணீரில் கற்பூரம். பெண்ணானால் தலைமுடியை அவிழ்த்துக் கழுவி மூன்று பின்னலாகப் பின்னிப் பின்புறம் விடுவார்கள். கஃபன் ஐந்து துணி.

இந்த ஒழுங்கில் துப்பு எங்கே ஒளிந்திருக்கிறது? பின்னலை அவிழ்க்கும் இடத்தில். சல்மாவோடு பழகிய, முப்பது வருஷமாக இதே வேலை செய்யும் மூதாட்டி ஒருவர், அன்று காலையிலிருந்து ஆறு உடல்களைக் கழுவியிருக்கிறார். ஒவ்வொரு தலையிலும் மயிர்க்கால் வரை மணலும் சேறும் ஏறியிருந்தன. மூன்று தண்ணீரில் போகவில்லை, ஏழு தேவைப்பட்டது. இந்தப் பெண்ணின் காதோரத்திலும் நெற்றியிலும் சேறு அப்பியிருக்கிறது. பின்னலை அவிழ்த்தால் உள்ளே ஒரு மணல்கூட இல்லை. எண்ணெய் வாசம் போகாமல் இருக்கிறது. உச்சந்தலைக்குப் பின்னால், விரல் பட்ட இடத்தில் எலும்பு உள்வாங்குகிறது. மூதாட்டி கையை எடுத்துக்கொண்டு, முதல் தண்ணீரிலேயே தலை தூய்மையாகிவிட்டதைப் பார்த்தபடி நிற்கிறார்.

இதை ஆண் அதிகாரி எவரும் பார்த்திருக்க முடியாது. மருத்துவரும், நிரம்பிவழிந்த அந்த நாளில் மேலோட்டமாகப் பார்த்து 'நீரில் மூழ்கியதால்' என்று எழுதிவிட்டார். தடுக்கும் விதியே தடயத்தையும் கொடுக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அதே விதி மூதாட்டியின் வாயையும் கட்டுகிறது. மையத்தைக் குளிப்பாட்டியவர் தாம் கண்ட குறையை வெளியே சொல்லாமல் மறைத்தால் அவருக்குப் பெரும் மன்னிப்பு உண்டு என்று நபிமொழி சொல்கிறது. மூதாட்டி அந்த ஒன்றைத்தான் தன் வேலையின் கௌரவமாகக் கருதி வாழ்ந்தவர். மறுபக்கம், சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. இவற்றுக்கு நடுவே அவர் அகப்பட்டுத் தவிப்பதைக் காட்டினால் போதும். மத நம்பிக்கைக்கும் நீதிக்கும் சண்டை என்று கட்ட வேண்டாம். சண்டை நம்பிக்கைக்கு உள்ளேயே நடக்கிறது. சல்மாவுக்கும் இதே கதிதான். பிறர் குறையைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். துப்பறிவது என்பதே அவருக்கு உறுத்தலான வேலை. தொழுகையை விட்டுவிட்ட, மனத்துக்குள் எல்லாவற்றையும் கேலி செய்கிற பெண்ணாக அவரைப் படைத்தால், இந்த வளம் அத்தனையும் வீணாகும்.

அடக்கத்துக்கு நேரம் குறைவு என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அன்றோ மறுநாளோ அடக்கிவிடுவார்கள். சவூதியில் கபருக்கு மேல் பெயர் பொறிப்பதில்லை; 2015-இல் இறந்த மன்னர் அப்துல்லாவைக்கூட ரியாதின் மையவாடியில் பெயரில்லாத கபரில்தான் அடக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் அடக்கப்பட்ட ஊரில், பிறகு தோண்டியெடுக்க வேண்டுமென்றால் எந்தக் கபர் என்பதே கேள்வியாகிவிடும். உடற்கூறாய்வு மார்க்கத்தில் தடை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குற்ற விசாரணைக்காக அதைச் செய்யலாம் என்று சவூதியின் மூத்த மார்க்க அறிஞர்களான உலமாக்களின் சபை 1976-லேயே தீர்ப்புக் கொடுத்துவிட்டது. ஆக, மார்க்கத்தின் பெயரைச் சொல்லி ஆய்வைத் தடுக்கும் பாத்திரம் உங்கள் கதையில் வந்தால், அவர் அறியாமையால் சொல்கிறாரா, காரணத்தோடு சொல்கிறாரா என்று வாசகரை யோசிக்க வைக்கலாம்.

பொழுது எப்போது தொடங்குகிறது

குற்றக் கதையில் யார் எங்கே எப்போது இருந்தார் என்பதுதான் எலும்புக்கூடு. ஹிஜ்ரிக் கணக்கில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. வியாழக்கிழமை மஃரிப் எனும் அந்திநேரத் தொழுகைக்குப் பிந்தைய பொழுது, வெள்ளி இரவு. நம்மூர் முஸ்லிம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம்.

நம் கதையில், இறந்த பெண்ணின் பாட்டி மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். "வியாழன் இரவு அவள் என்னிடம் வந்தாள், மருந்து கொடுத்தாள்" என்கிறார். பாதி அரபு தெரிந்த வெளிநாட்டுச் செவிலியர் அதை அப்படியே எழுதிவைக்கிறார். வியாழன் பிற்பகலிலேயே உடல் கிடைத்துவிட்டதால், கிழவிக்கு நினைவு தப்பிவிட்டது என்று எல்லாரும் ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு அத்தியாயம் கழித்து, தன் தாய் இப்படித்தான் பேசுவார் என்பது சல்மாவுக்கு நினைவு வருகிறது. பாட்டி சொன்ன வியாழன் இரவு என்பது புதன்கிழமை சூரியன் மறைந்த பிறகு. வெள்ளம் வந்ததோ புதன் பகலில். ஆக, வெள்ளத்தில் இறந்ததாகச் சொல்லப்படும் பெண் வெள்ளம் வடியத் தொடங்கிய பிறகும் உயிரோடு இருந்திருக்கிறாள். இந்தத் துப்பை வாசகரின் கண்முன்னே வைத்துவிட்டே மறைக்கலாம்; அது நேர்மையான ஆட்டம்.

தொழுகை நேரமும் இப்படி உதவும். அந்தக் காலத்தில் பாங்கு சொன்னதும் கடைகளை மூடிவிடுவார்கள். சவூதி நாள்காட்டியில் இரவுத் தொழுகையான இஷா, மஃரிபுக்குச் சரியாக 90 நிமிடம் கழித்து. ரமலானில் மட்டும் 120 நிமிடம். 'இஷா பாங்கு சொன்னபோது கடையில் நெய் வாங்கிக்கொண்டிருந்தேன்' என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்பது அந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று புரியும். உங்கள் வாசகருக்கும் புரியும்படி முன்பே ஒரு காட்சியில் கடைக்காரர் ஷட்டரை இறக்குவதைக் காட்டிவிட வேண்டும்.

வீடு, பெயர், பால்

ஜித்தாவின் பழைய நகரமான பலதில் பவளப்பாறைக் கல்லால் கட்டிய மாடி வீடுகளில் ரோஷான் என்ற மரச்சட்டச் சாளரங்கள் உண்டு. உள்ளிருந்து தெரு முழுவதும் தெரியும். தெருவிலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. சாட்சி அங்கேதான் இருக்கிறார், அவரைச் சாட்சி என்று யாரும் நினைக்கவில்லை. புதிய வீடுகளில் ஆண் விருந்தினருக்கும் பெண்களுக்கும் வாசலே வேறு வேறாக இருக்கும், உயர்ந்த மதில், மதிலோரம் ஓட்டுநரின் அறை. வீட்டின் வரைபடத்தை நீங்கள் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள். எந்த வாசலில் வந்தவர் யாருடைய கண்ணில் படுவார், படமாட்டார் என்பது அதிலிருந்துதான் கிடைக்கும்.

அடையாளம் காட்டுவதிலும் ஒரு முடிச்சு உண்டு. அந்தப் பெண்ணின் முகத்தை அறிந்த ஆண்கள் கணவன், தந்தை, சகோதரன் போன்ற மிகச் சிலரே. சந்தேகத்துக்குரியவர்களும் அவர்களேதான். அண்டை வீட்டு ஆண்களுக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. இன்னாரின் வீட்டார் என்றோ, மூத்த மகன் பெயரால் உம்மு காலித், அதாவது காலிதின் தாய், என்றோதான் தெரியும். திருமணத்துக்குப் பிறகும் பெண் தந்தை பெயரையே தாங்குவதால், கணவன் பெயரை வைத்துத் தேடினால் பதிவேட்டில் அவள் அகப்படவும் மாட்டாள்.

பால் உறவு என்று ஒன்று இருக்கிறது; அதை நம் எழுத்தாளர்கள் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பு. ஒரே பெண்ணிடம் குழந்தைப் பருவத்தில் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தோர் முறை ஆகிவிடுகிறார்கள். அவர்களுக்குள் திருமணம் கூடாது, திரையும் தேவையில்லை. அந்நிய ஆண் ஒருவன் பெண்கள் வாசல் வழியே வந்துபோனதைத் தெரு பார்த்துவிட்டது. கணவன் அதையே காரணமாகக் காட்டப் பார்க்கிறான். வந்தவன் அவளுடைய பால் சகோதரன் என்பது இரண்டு கிழவிகளுக்கு மட்டுமே தெரியும். எந்த ஏட்டிலும் பதிவாகாத இந்த உறவை, பெண்கள் பகுதியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிற சல்மா மட்டுமே கண்டுபிடிக்க முடியும். வதந்தியை எழுதும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நான்கு சாட்சிகள் இல்லாமல் ஒரு பெண்ணின் கற்பைக் குறை சொன்னவருக்கு எண்பது கசையடி என்பது குர்ஆனின் விதி. அதனால் பாத்திரங்கள் வதந்தியை முழுதாகச் சொல்ல மாட்டார்கள். பாதி சொல்லிவிட்டு அல்லாஹ் அறிவான் என்று நிறுத்திக்கொள்வார்கள். உரையாடலுக்கு அது தரும் அழுத்தம் அலாதியானது.

வேலைக்காரப் பெண்ணின் மொழி

அந்த வீட்டில் இன்னொருவர் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்: வீட்டு வேலைக்கு வந்த பெண். அவரை வெறும் சாட்சியாக எழுதுவதற்கு முன், ரிஸானா நஃபீக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இலங்கையின் மூதூரைச் சேர்ந்த, தமிழ் பேசும் அந்தப் பெண், பிறந்த தேதி மாற்றப்பட்ட கடவுச்சீட்டோடு 2005-இல் சவூதிக்கு வேலைக்குப் போனார். வீட்டுக் குழந்தையின் சாவுக்குக் காரணமானவர் என்று குற்றம் சாட்டப்பட்டபோது அவருக்கு வயது 17 என்று குடும்பம் சொன்னது. 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய வாக்குமூலம் தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பெறப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. குழந்தையின் பெற்றோர் மன்னிக்க மறுத்தனர். 2013 ஜனவரி 9 அன்று தவாத்மியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்தப் பெண்ணின் கதையை எடுத்துப் பொழுதுபோக்குக் கதையாக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வாக்குமூலம் எத்தனை மொழிகளைத் தாண்டி வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள் என்கிறேன். யார் மொழிபெயர்த்தார், எந்த மொழியிலிருந்து, கையெழுத்திட்ட தாள் எந்த மொழியில் இருந்தது, முதலாளியின் குடும்பம் அறைக்கு வெளியே நின்றதா என்ற நான்கு கேள்விகளைச் சல்மாவின் வாயில் வைத்தால், காவல்துறைக் கோப்பு சந்தேகத்துக்குரிய ஆவணமாகிவிடும்.

மன்னிக்கும் உரிமை யாரிடம்

கொலைகாரன் யார் என்று தெரிந்ததோடு நம் ஊர்க் கதை முடியும். இங்கே அதற்குப் பிறகுதான் கடினமான கேள்வி எழுகிறது. கிஸாஸ் முறையில் பழிக்குப் பழி கேட்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுடையது; அவர்கள் மன்னிக்கலாம், திய்யத் எனும் இழப்பீட்டை வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்குள்ளேயே கொலை நடந்தால் கொன்றவரும் மன்னிப்பவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். பாகிஸ்தானில் 2016-இல் சமூக ஊடகப் பிரபலமான கன்டீல் பலோச் என்ற பெண் தன் சகோதரனால் கொல்லப்பட்ட பிறகு, குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஆயுள் தண்டனை பெற்ற அந்தச் சகோதரன் 2022-இல் மேல்முறையீட்டில் விடுதலையானான்.

நம் கதைக்குப் பொருந்தும் நுட்பம் இன்னும் கொடியது. தந்தைக்கு எதிராக மகன் கிஸாஸ் கோர முடியாது என்பது பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் கருத்து. சவூதியில் ஆதிக்கமுள்ள ஹம்பலிச் சட்ட மரபிலும் அதுதான். ஆகவே கணவன் மனைவியைக் கொன்று, அவர்களுக்கு ஒரு குழந்தையும் இருந்தால், தாயின் ரத்தத்துக்கு வாரிசான அந்தக் குழந்தையாலேயே கிஸாஸ் விழுந்துபோகும். நீதிபதி தம் விருப்புரிமையில் சிறை கொடுக்கலாம், அது வேறு. இப்போது, மனைவி இறந்த துக்கத்திலும் ஆறு மாதக் குழந்தையை ஒரு கணமும் பிரியாமல் மடியில் வைத்திருந்த கணவனை, முன் அத்தியாயங்களில் வாசகர் எப்படிப் பார்த்தாரோ அப்படிப் பார்க்க முடியாது. அந்தக் காட்சியில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. சட்டம் தெரிந்ததும் அதன் பொருள் தானாக மாறிவிடுகிறது.

சல்மாவுக்கு ஒரு வழி மிஞ்சுகிறது. நம்பவைத்துத் தனியிடத்துக்கு அழைத்துப்போய்க் கொல்வதைக் கீலா என்று தனி வகையாக வைத்து, அதில் வாரிசுகளின் மன்னிப்புக்கு இடமில்லை என்று சவூதி நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததுண்டு. அப்படியானால் இனி அவர் நிரூபிக்க வேண்டியது யார் கொன்றார் என்பதை அல்ல, எப்படி அழைத்துப் போனான் என்பதை. கதையின் இரண்டாம் பாதிக்கு வேகம் அங்கிருந்து வரும்.

தமிழில் அவர்கள் எப்படிப் பேசுவார்கள்

அரபியில் பேசுபவர்களைத் தமிழில் பேச வைக்கும்போது இரண்டு பள்ளங்கள் உண்டு. காயல்பட்டினத்து வழக்கிலோ கீழக்கரை வழக்கிலோ பேசவைத்தால் பாத்திரம் ஜித்தாவிலிருந்து நேரே அந்த ஊர்களுக்கு வந்துவிடும். எல்லாரையும் மேடைத் தமிழில் பேச வைத்தால் மரக்கட்டையாகிவிடும். நான் பொதுவான எளிய தமிழை வைத்துக்கொண்டு, உம்மா போன்ற உறவுச் சொற்களையும், ஸலாம், துஆ போன்ற தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் சொற்களையும் மட்டும் சேர்த்துக்கொள்வேன். ஒரு மாதிரி:

"உம்மா, இதோடு விட்டுவிடுங்கள். அவர்கள் வீட்டில் எல்லாரும் ஷஹீத் என்று மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார்கள்."

"காரை எடு."

"எங்கே என்றாவது சொல்லுங்கள்."

"தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது யார் என்று கேட்கப் போகிறேன். அதை அவள் தாயிடம்தான் கேட்க முடியும்."

முகத்திரையை வருணிப்பதை இரண்டு வரிக்குமேல் நீட்ட வேண்டாம். தினமும் அணிபவருக்கு அது கண்ணில் படாது. மழையில் நனைந்து கனத்தால், காரின் கதவில் சிக்கினால், அப்போது படும். வெளியாளுக்கு மட்டும் வியப்பாக இருப்பதை உள்ளே வாழ்பவர் வியந்து பார்ப்பதாக எழுதினால், பார்வை யாருடையது என்பது வெளிச்சமாகிவிடும்.

எழுதி முடித்ததும் அந்த நாட்டில் வாழ்ந்த பெண் ஒருவரிடமும், மார்க்கச் சட்டம் படித்த ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறு பிழைகளைக் காட்டுவார்கள். என் வரைவைப் படித்த தோழி கடைசியாகச் சொன்னது குளிப்பாட்டும் காட்சியைப் பற்றி: முதலில் அந்த அறையில் ஒரு பெண்ணைத்தான் வைத்திருந்தேன். "தனியாகக் கழுவ மாட்டார்கள்; உடலைப் புரட்ட இன்னொருவர் வேண்டும்" என்றார். அப்படியானால் பின்னலுக்குள் சேறில்லை என்பதைப் பார்த்த இரண்டாவது ஆள் ஒருவரும் அந்த ஊரில் இருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தை அதிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன்.